தீவில் கட்டிய படகு

கண்டக்டர் பொய் சொல்லமாட்டார். உண்மையைக் கொஞ்சம் ஊறவைத்துச் சொல்வார், அவ்வளவுதான். ஊறினால் உப்பத்தானே செய்யும்? ஊறிய பயறு உப்பியிருக்கிறதென்று யாராவது அதன்மேல் புகார் கொடுக்கிறார்களா?

வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் விசில் ஊதி, வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் வழியோடு வரலாறும் சேர்த்துச் சொல்லி, ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது அவருடைய வாய்க்கு வேலை போய்விட்டது. மற்ற உறுப்புகள் ஓய்வை ஒப்புக்கொண்டன. வாய் மட்டும் ஒப்பவில்லை. மனைவி வாசல் அறையில் தையல் கடை வைத்திருந்தாள். அவள் உதட்டில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அதனால் பதில் பேசமாட்டாள். அதை அவர், கவனமாகக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஒருநாள் அவள் ஊசிகளை எல்லாம் எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு வாயைத் திறந்தாள்.

"இந்தக் கதைய நம்ம கல்யாணம் ஆன புதுசுலயே கேட்டாச்சு. அப்ப அந்த பஸ்ல பத்துப் பேர் இருந்தாங்க. இப்ப அறுபது பேர் ஏறிட்டாங்க. இன்னும் ரெண்டு தடவ சொன்னீங்கன்னா நான் படியிலதான் தொங்கணும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஏரிக்குப் போங்க. அங்க வருஷா வருஷம் புதுசு புதுசாப் பறவை வருது. அதுங்களுக்கு உங்களப் பத்தித் தெரியாது."

அப்படித்தான் அவர் ஏரிக்குப் போனார். போனவர் திரும்பவில்லை என்றே சொல்லலாம். ராத்திரி தூங்க வருவதைத் திரும்புவது என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

அந்த ஏரியைப் பார்த்தவர்கள் அவரை மன்னித்துவிடுவார்கள். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை வெறும் வதந்தி. ஊர்ப் பக்கம் படகுத்துறை. மற்ற மூன்று பக்கமும் நாணலும் கோரையும் சதுப்பும், வானம் வந்து முட்டும்வரை. ஊரின் அழுக்கெல்லாம் சேர்ந்த ஓடை ஒன்று நாணல் காட்டுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழையும். வேர்களுக்குள் என்ன வெளுப்பு நடக்குமோ, மறுபக்கம் துவைத்து அலசிக் காயப்போட்ட மாதிரி வெளியே வரும். மழை பேயாய்ப் பெய்தால் சதுப்பு அந்த வெள்ளத்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாது. கோடையில் குடித்ததைச் சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்கும். ஊர்க் குழாய்களில் தண்ணீர் வருவதற்குக் காரணம் குழாய் இல்லை, அந்தச் சதுப்புதான். மீன்கள் முட்டையிட வருவதும் அங்கேதான்; அந்த மீன்களை நம்பித்தான் பாதி உலகத்துப் பறவைகள் பயணச்சீட்டு இல்லாமல் வந்து இறங்கின. பயணச்சீட்டு இல்லாதவர்களைக் கண்டக்டர் மனமார வரவேற்றது அங்கே மட்டும்தான்.

பாதுகாக்கப்பட்ட ஏரி என்பதால் சட்டதிட்டங்கள் உண்டு. காப்பாளர் என்று ஒருவர் இருந்தார். தலைச்சன் பிள்ளையைப்போல அந்த ஏரியை வளர்ப்பவர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறவர். பார்வையாளர்களைப் படகில் கூட்டிப்போய் விளக்கம் சொல்பவர்களுக்கு அவர் ஒரு பச்சைக் கைப்பட்டை கொடுப்பார். கண்டக்டர் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார். அப்போதும் ஜன்னல் கம்பியில் கண்ணெதிரே மாட்டிவைப்பார். படகை ஓட்டியது அவருடைய மனைவியின் தம்பி. மச்சினன் ஒரு வார்த்தைக்குமேல் பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். மாமாவும் மச்சினனும் சேர்ந்தால் சராசரி மனிதர்கள் இருவர் தேறுவார்கள்.

படகில் கண்டக்டரைக் கேட்க வேண்டும்! கூழைக்கடா தன் அலகுப் பையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போய் அக்கரையில் பத்திரமாக இறக்கிவிடும். நீர்நாய்கள் வெயில் நாளில் ஒன்றன் முதுகை ஒன்று தேய்த்துவிடும், முறை வைத்து. ஆலாப் பறவை மேலே போகிற விமானத்துக்கு வழிகாட்டும். கூட்டம் வாய் பிளக்கும். கண்டக்டர் அந்தப் பிளந்த வாய்க்குள் இன்னும் இரண்டைப் போடுவார்.

வினை ஒரு பள்ளி ஆசிரியை உருவத்தில் வந்தது. நேரே காப்பாளர் அறைக்குள் நுழைந்து மேசைமேல் கைப்பையை வைத்தார்.

"எங்க வகுப்புல பாதிப் பேர் பரீட்சையில எழுதியிருக்காங்க சார், கூழைக்கடா ஆட்டுக்குட்டிய ஏத்திட்டுப் போகுமாம். ஒருத்தன் படமே வரஞ்சிருக்கான். ஆட்டுக்குட்டி கைல டிக்கெட் இருக்கு."

காப்பாளர் கண்டக்டரைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆய்வாளரம்மா வராங்க. நாளைக்கு உங்க படகுலதான் ஏத்தி அனுப்பறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னீங்கன்னு அவங்க சொன்னாப் போதும், கைப்பட்டையக் கழட்டி இங்க வச்சுட்டுப் போயிடணும்."

"சார், ஆட்டுக்குட்டி கொஞ்சம் சின்னதுன்னுதான் சொன்னேன்."

"கண்டக்டரே!"

"சரி சார்."

"அப்புறம் தொட்டில் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. தெரியும்ல?"

தெரியாமல் என்ன. ஏரியின் ஒரு மூலையில் அல்லி இலைகள் பாய் விரித்தாற்போல மூடிக் கிடக்கும் ஒரு குடா. பறவைகள் அங்கேதான் முட்டையிடும். அதற்குத்தான் தொட்டில் என்று பேர். குடாவின் வாசலில் சிவப்பு மிதவைகள் கட்டியிருக்கும். அதைத் தாண்டுகிற படகில் விளக்கம் சொல்பவர் யாரானாலும் கைப்பட்டை போயிற்று. கேள்வியும் கிடையாது, முறையீடும் கிடையாது.

அன்று வீட்டுக்கு வந்த கண்டக்டர் சாப்பிடும்போது ஒரு கதையும் சொல்லவில்லை. மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும், "நாளைக்கு ஒரு நாள் வாயக் கட்டுங்க. கைப்பட்டை போச்சுன்னா நீங்க மறுபடியும் இந்த நாற்காலிக்குத்தான் வரணும். எனக்கும் நல்லதில்ல, நாற்காலிக்கும் நல்லதில்ல," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் முதல் சில மாதங்கள் அவர் எப்படிச் சுருங்கிப்போனார் என்று பார்த்தவள் அவள்தான். சட்டைகளைப் பிடித்துத் தைத்தவளும் அவள்தான்.

மறுநாள் ஆய்வாளரம்மா வந்தார். நடுவயது, தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. பறவைகளைப் பற்றிக் கரைத்துக் குடித்தவர் என்று கேள்வி. பார்த்தால் குடித்தது செரித்தும் விட்டது போலத்தான் இருந்தது. படகு கிளம்பியது.

"இது நாணல்," என்றார் கண்டக்டர்.

"ம்."

"அது கொக்கு."

"அதப் பத்திச் சொல்லுங்க."

கண்டக்டர் யோசித்தார். தொண்டைவரை பதினெட்டுக் கதைகள் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார். "வெள்ளையா இருக்கு மேடம்."

"வேற?"

"கால் ரெண்டு."

ஆய்வாளரம்மா மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். மச்சினன் வானத்தைப் பார்த்தான். இப்படியே போயிற்று. நீர்க்காகம் வந்தது, கறுப்பு என்றார். மீன்கொத்தி வந்தது, மீன் கொத்தும் என்றார். ஏரி தன் சொத்தையெல்லாம் எடுத்துக் கடைபரப்ப, கண்டக்டர் விலைச்சீட்டு ஒட்டுகிறவரைப்போல ஒவ்வொரு சொல்லாக ஒட்டிக்கொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டியது.

"இதக் கேக்கவா இவ்வளவு கூட்டம் வருது?" என்று ஆய்வாளரம்மா கொட்டாவியை மறைத்துக்கொண்டார். "சரி, எங்கயாவது நிறுத்துங்க, சாப்பிடலாம்."

அந்த ஏரியில் நங்கூரம் போடக் கூடாது. போட்டால் அடியில் வளரும் நீர்ச்செடிக் காடு பிய்ந்துபோகும். மீன்குஞ்சுகளுக்கு வீடு போய்விடும். அதனால் எல்லாப் படகுகளும் நாணல் கரை ஓரமாக ஒதுங்கி, ஒரு தடித்த நாணல் கொத்தில் கயிற்றைக் கட்டி நிறுத்துவார்கள். மச்சினனும் கட்டினான். மூவரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். காற்று இதமாக எழுந்து நாணல்களின் தலையைத் தடவிக்கொடுத்தது.

கண்டக்டர் இரண்டாவது கவளத்தில் ஒரு சிவப்பு மிதவையைப் பார்த்தார். மிதவை பாட்டுக்கு அவர்களைத் தாண்டிப் போயிற்று. அறுந்துகொண்டு வருகிறதுபோல என்று நினைத்தார். அடுத்து இன்னொரு மிதவை போயிற்று. அதற்குப் பின்னால் தூரத்துத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் நகர்ந்துபோனபோதுதான் அவர் கவளத்தைத் திருப்பி டிபன் பாக்ஸில் வைத்தார். மிதவை அறுந்துகொள்ளலாம். கோபுரம் எப்படி அறுந்துகொள்ளும்?

அவர்கள் படகைக் கட்டியிருந்தது கரையே இல்லை. வேரும் தண்டும் மட்கிய சருகும் பின்னிப் பின்னி, தரை மாதிரியே தடித்து, தண்ணீரின்மேல் படுத்திருக்கும் மெத்தை அது. அடியில் மண் கிடையாது. கரையோடு ஒட்டியிருந்த வரைக்கும் அது கரை. அன்றைக்குக் காற்று மனது வைத்து, பிய்த்துக்கொண்டதும் அது தீவு. மேலே நிற்கும் நாணல் அத்தனையும் பாய்மரம். தீவு கம்பீரமாகப் பயணம் போக, படகு வாலைப்போலப் பின்னால் போயிற்று.

கண்டக்டர் வாயைத் திறந்தார். மூடினார். என்ன சொல்வது? 'மேடம், தீவு நம்மள இழுத்துட்டுப் போகுது' என்றா? காலையிலிருந்து கட்டிக்காத்த கற்பு ஒரே வரியில் போய்விடும். ஆட்டுக்குட்டியாவது பரவாயில்லை, தீவு என்றால் கையோடு கழற்றச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால் அது உண்மையாக இருக்க வாய்ப்பே இல்லை. அவர் குனிந்து டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டார். மச்சினன் முதுகு காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஆய்வாளரம்மாதான் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்டக்டரே, அந்தக் கோபுரம் முன்னாடி இடது பக்கம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மேடம்."

"இப்ப வலது பக்கம் இருக்கு."

"ஆமா மேடம்."

"அது எப்படி?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம்."

ஆய்வாளரம்மா எழுந்து நின்றார், நாணலைப் பார்த்தார், பின்னால் தள்ளிப் போய்விட்ட சிவப்பு மிதவைகளைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்த பார்வையில் படகே சற்றுத் தாழ்ந்தது. "தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"கூட்டிச் சொல்றேன்னு நெனச்சுருவீங்களோன்னு..."

மச்சினன் இஞ்சினின் கயிற்றைப் பிடித்தான். ஆய்வாளரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். உதட்டில் விரலை வைத்தார். தன் வாக்கிடாக்கியை அணைத்தார். அப்போதுதான் கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார்.

தொட்டிலுக்குள் இருந்தார்கள். கை எட்டும் தூரத்தில் அல்லி இலைமேல் ஈரச் சருகுக் குவியல். அதன்மேல் புள்ளிபோட்ட முட்டைகள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, எங்கும் எங்கும். துடுப்பை ஒரு தரம் போட்டால் போதும், அந்த அலைக்கு ஒரு தலைமுறை கவிழ்ந்துவிடும். தீவு இலைகளுக்கு நடுவே மெல்ல வந்து, முட்டாமல் நின்றது. நகரவும் முடியாது, பேசவும் முடியாது. காற்று திரும்பினால்தான் போகலாம்.

பறவைகளோ அவர்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தீவு வருவது அவற்றுக்குப் பழக்கம். தீவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்த படகு, அவற்றின் கணக்கில் ஒரு மட்டை.

பேசக் கூடாது என்றதும் கண்டக்டருக்கு முதலில் மூச்சு முட்டியது. பிறகு பார்க்க ஆரம்பித்தார். வருஷக்கணக்காகப் படகில் வந்தும், அடுத்து என்ன சொல்லலாம் என்ற யோசனையிலேயே பாதியைப் பார்க்காமல் விட்டவர்.

ஒரு முக்குளிப்பான் நீந்தி வந்தது. முதுகில் ஏதோ முளைத்திருக்கிறதே என்று பார்த்தால் குஞ்சுகள். வரிபோட்ட தலைகள் மட்டும் இறகுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தன. தாய் தன் மார்பிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி, கழுத்தைத் திருப்பி, குஞ்சின் வாயில் ஊட்டியது. இறகை! குஞ்சும் அதை விழுங்கியது. கண்டக்டர் ஆய்வாளரம்மாவைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்: மீன் முள் குத்தாமலிருக்க வயிற்றுக்குள் மெத்தை.

மீசை ஆலாக்கள் கூட்டமாக வந்து, மிதக்கும் சருகுமேல் அடைகாக்கும் துணைகளுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போயின, மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் வீட்டுக்காரர்கள் மாதிரி. ஒன்று சின்ன மீன் கொண்டுவந்தது. துணை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பறந்துபோய்ப் பெரிதாக ஒன்று கொண்டுவந்து, பேசாமல் வைத்துவிட்டுப் போயிற்று. மச்சினன் தோள் குலுங்கியது. அவன் வீட்டு நிலவரம் அப்படி.

தண்ணீருக்கு அடியிலும் ஊர் இருந்தது. வெயில் செங்குத்தாக விழுந்த இடத்தில் செடிகளின் நடுவே மீன்குஞ்சுகள் பள்ளிக்கூடம் விட்டதுபோல ஓடின. தீவின் அடிவயிற்றிலிருந்து தொங்கிய வேர்த் தாடிக்குள் நத்தைகளும் இறால்குட்டிகளும் குடித்தனம் நடத்தின. தட்டான்கள் ஜோடி ஜோடியாக வந்து ஒவ்வொரு தண்டிலும் விலாசம் விசாரித்தன. எதுவும் சும்மா இல்லை. ஒன்று எச்சமிட்டால் அது செடிக்குச் சாப்பாடு, செடி மீனுக்கு வீடு, மீன் பறவைக்கு உயிர். அத்தனையும் ஒரு கூட்டுக் குடும்பம்போலச் சண்டையும் சமாதானமுமாக, யாரும் மேற்பார்வை பார்க்காமலே நடந்தது.

அப்புறம் அது வந்தது. அல்லி இலைமேல் நடந்து வந்த ஒரு இலைக்கோழி, சேவல். நீண்ட விரல்களை அகல வைத்து, தண்ணீரின்மேல் நடப்பதுதான் உலக வழக்கம் என்பதுபோல நடந்தது. அதற்குக் கால்கள் இரண்டு இல்லை. கண்டக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினார். பத்துக் கால். இரண்டு நடக்க, மீதி எட்டும் சிறகுக்கு அடியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. இலைக்கோழி ஒரு பெரிய இலைக்கு வந்து, குந்தி, சிறகை விரித்தது. பொத்துப் பொத்தென்று நான்கு குஞ்சுகள் இறங்கி ஓடின. முட்டையை அடைகாத்ததும் அப்பன், இப்போது குஞ்சுகளைக் கக்கத்தில் இடுக்கி வந்ததும் அப்பன். அம்மாக்காரி தூரத்தில் அடுத்த மாப்பிள்ளையோடு நின்றாள்.

கண்டக்டரின் கண்ணில் நீர் கட்டியது. அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ கதை கட்டிவிட்டிருக்கிறார். பத்துக் கால் பறவை அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் துணிந்திருக்கமாட்டார். இந்த ஏரி துணிந்திருக்கிறது.

காற்று எப்போது திரும்பியதென்று யாரும் கவனிக்கவில்லை. வெயில் மஞ்சளானபோது தீவு வந்த வழியே, வந்த கம்பீரத்தோடு வெளியே போயிற்று. மிதவைகளைத் தாண்டியதும் மச்சினன் கயிற்றை அவிழ்த்தான். முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஆய்வாளரம்மா திரும்பவே இல்லை. மச்சினன் கண்டக்டர் காதோரம் குனிந்து, அந்த வருஷத்திலேயே நீளமான பேச்சைப் பேசினான்.

"மாமா, இஞ்சின் மக்கர் பண்ணிருச்சு, காத்து தள்ளிருச்சுன்னு சொல்லிருங்க. நம்புவாங்க. தீவு கீவுன்னு ஆரம்பிச்சீங்க, பட்டை போச்சு."

துறையில் காப்பாளர் நின்றிருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு வாக்கிடாக்கியும் அவர் முகமும் சூடாகியிருந்தன.

"எங்க போயிருந்தீங்க? தூரத்துலேர்ந்து பாத்தேன், படகு தொட்டில்லேர்ந்து வருது!"

கண்டக்டர் இறங்கி நின்றார். நம்பக்கூடிய பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சின்னது, சுத்தமானது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பத்துக் காலையும் பார்த்துவிட்டு வந்து 'இஞ்சின் மக்கர்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த ஏரிக்கு அது அவமானம்.

"கரைன்னு நெனச்சு ஒரு மெதக்குற தீவுல கட்டிட்டோம் சார். அது பிச்சுக்கிட்டு எங்களத் தொட்டிலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. சொன்னா நம்பமாட்டாங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்பு."

காப்பாளர் கையை நீட்டினார். "பட்டை."

கண்டக்டர் கழற்றினார். கையில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"சார், இருங்க!" ஆய்வாளரம்மா படகிலிருந்து கரையோரத் தண்ணீரில் குதித்தார். தொப்பி கோணலாக இருந்தது. "அவர் சொன்னது நெசம். நானும் பாத்தேன். தீவுன்னா சாதாரணத் தீவா? ஒரு கால்பந்து மைதானம்! அதுமேல நாணல் நிக்குது பாருங்க, பனைமரம் தோத்துச்சு! எங்கள இழுத்துட்டுப் போன வேகத்துல என் தொப்பி பறந்துருச்சு..."

காப்பாளர் அவர் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "ஒரே நாள்ல உங்களுக்கும் தொத்திக்கிச்சா மேடம்?" என்றார் சோர்வாக. "கண்டக்டரே, நீங்களே சொல்லுங்க. கால்பந்து மைதானம் அளவா?"

ஆமாம் என்றால் போதும். சாட்சிக்கு அதிகாரியே இருக்கிறார். கண்டக்டர் வெளுத்த கையைத் தடவிக்கொண்டார்.

"இல்ல சார். மேடம் கொஞ்சம் கூட்டிச் சொல்றாங்க. நம்ம படகு ஒரு நாலு சேத்து வச்சா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். நாணல் என் உயரம்தான். வேகம்னு ஒண்ணும் இல்ல, கைக்குழந்தை தவழுற மாதிரிதான் போச்சு. தொப்பி பறக்கல."

 கயிறு சுற்றிக்கொண்டிருந்த மச்சினன் கை நின்றது. காப்பாளர் கண்டக்டரைக் கண் இமைக்காமல் பார்த்தார்.

"நீங்க... கொறச்சுச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"நீங்களா?"

"மன்னிச்சுக்கங்க சார்."

காப்பாளர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் ஒரு விஷயத்தைக் குறைத்துச் சொல்கிறார் என்றால் அது நடந்தேதான் இருக்க வேண்டும். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கைப்பட்டையை நீட்டினார்.

"கட்டிக்கங்க. அடுத்த தடவ கட்டுறதுக்கு முன்னாடி கரைய ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க." போனவர் திரும்பி வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள இலைக்கோழி இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். குஞ்சோட."

காப்பாளர் சிரித்தார். சிக்கனமாக இல்லை.

ஆய்வாளரம்மா துறையின் விளிம்பில் உட்கார்ந்து காலணியிலிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

"என் மானத்த வாங்கிட்டீங்களே கண்டக்டரே," என்றார் அவர். "எனக்கு நெசமாவே மைதானம் மாதிரிதான் தெரிஞ்சுது."

"மொதத் தடவ பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும் மேடம்," என்றார் கண்டக்டர். கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இன்னிக்குத்தான் மொதத் தடவ. நான் சொன்னேன்ல, நாலு படகு அளவுன்னு... பத்து இருக்கும் மேடம்."